ஆறாவது வார்டு, சோஹார்

வெள்ளிக்கிழமை மட்டும்தான் எங்களுக்குத் தேர்தல்.
மற்ற நாளெல்லாம் தார்.

மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றொரு ஓட்டு.
நாற்பது பக்க நோட்டில் நான்தான் எழுதினேன்.
கையெழுத்து சுமார் என்று பெலிக்ஸ்
இரண்டு தடவை சொன்னான்.
பேருக்கு எதிரே போன் நம்பர்,
அதற்கு எதிரே, யார் பேசினால் கேட்பார்கள் என்பது.
மாவுமில் வீட்டுக்கு நான்.
பால்காரர் வீட்டுக்குத் தெய்வீகன் கூடவே கூடாது,
பழைய வரப்புத் தகராறு.

தெய்வீகன் மனைவி சுகந்திதான் நிற்கிறாள்.
சின்னம் சீப்பு.
அவனுக்கோ முப்பத்தாறு வயதிலேயே
துடைத்து வைத்த தட்டு மாதிரித் தலை.
சிரித்து முடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.
அவனும் சிரித்தான். பிறகு கடைக்குப் போய்
ஒரு சீப்பு வாங்கிவந்து
கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டான்.

கூட்டம் கூடாது, கொடி கூடாது என்று
கேம்ப் பாஸ் ஹமூத் வாசலில் நின்று சொன்னார்.
பிறந்தநாள் என்றோம்.
யாருக்கு என்றார்.
ஆளுக்கொரு பேர் சொன்னோம்.
கேக் எங்கே என்று கண்ணால் தேடிவிட்டுப் போனார்.

எதிரணியும் இதே அறைதான்.
குணாளனின் மச்சானுக்குப் பூட்டுச் சின்னம்.
அவன் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்,
நாங்கள் படிக்கட்டில்.
ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
ராமையா பெரியப்பாவைக் கூப்பிட்டுவிட்டோம்.
'ரெண்டு பேருமே தங்கமான பயலுவ,
ஆளுக்கு எவ்வளவு அனுப்புறீங்கன்னு சொல்லுங்க' என்றார்.
சமைக்கும்போதும் தின்னும்போதும் ஓட்டுப் பேச்சு இல்லை:
அறைக்கு இருந்த ஒரே சட்டம்.

நேராக ஓட்டுக் கேட்க முடியாது.
ஆட்டுக்குக் காணை தீர்ந்ததா,
பல்லைப் பிடுங்கியாயிற்றா,
மருமகள் திரும்பி வந்தாளா.
பேலன்ஸ் தீரப்போகிற நேரத்தில்
'அப்பறம் அத்தை, சீப்பு.'

மயானப் பாதைக்கு விளக்கு என்று மட்டும் சொல்லுங்கள்,
ரோடு என்று சொல்லிவிடாதீர்கள் என்றாள் சுகந்தி.
விளக்கு என்னால் ஆகும். ரோடு ஆகாது.
நாள் முழுக்க ரோடு போடுகிறவர்கள் நாங்கள்.
அந்த ஒரு சொல்லை
ஒவ்வொரு போனிலும் விழுங்கினோம்.

ஓட்டுப்போடும் நாள் திங்கட்கிழமை.
அங்கே ஏழு மணி, இங்கே ஐந்தரை,
பஸ் கண்ணாடியில் நெற்றி இடிக்கிற தூக்கம்.
ரோலரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது
பூத்திலிருந்து சின்னதுரை கூப்பிட்டான்.
'அண்ணே, உங்க ஓட்டு விழுந்துருச்சு.'
யார்டா போட்டது?
'தெரியல. நான் ஒண்ணுக்குப் போயிருந்தேன்.
கையெழுத்து சுமாரா இருந்துச்சாம்.'

தெய்வீகன் ஓட்டும் விழுந்திருந்தது.
பெலிக்ஸ் ஓட்டும், குணாளன் ஓட்டும்.
லீவு கேட்காமல், டிக்கெட் எடுக்காமல்
நாங்கள் நாலு பேரும் போய்
பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நின்றிருக்கிறோம்.
விரலை நீட்டியிருக்கிறோம்.
திரும்பும்போது யார் வீட்டிலாவது
மோர்கூட வாங்கிக் குடித்திருக்கலாம்.
எந்தச் சின்னத்தில் குத்தினோம் என்பதுதான்
எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்று ஓட்டில் சுகந்தி ஜெயித்தாள்.

மூன்றையும் நாலையும் வைத்து
ஒருவரும் வாய்விட்டுக் கணக்குப் போடவில்லை.
அன்றைக்குச் சமையல் முறை குணாளனுக்கு.
கருவாட்டுக் குழம்பு.
சட்டப்படி யாரும் பேசவில்லை.
உப்பு சரியாக இருந்தது,
அதையும் சொல்லவில்லை.

தட்டுக் கழுவும்போது அவனே கேட்டான்:
எத்தனை விளக்கு?
ஆறு என்றான் தெய்வீகன்.
'ஏழாப் போடச் சொல்லு.
புளியமரத்து வளைவுல ஒண்ணு வேணும்.
எங்கப்பாவத் தூக்கிட்டுப் போறப்ப
அங்கதான் கால் தடுக்குச்சாம்.'

தடுக்குச்சாம். 
அவன் அப்போது இங்கே இருந்தான்.

நோட்டை எடுத்தேன்.
எல்லாப் பேருக்கு எதிரேயும் ஏதாவது கிறுக்கியிருந்தது,
எங்கள் நாலு பேருக்கு எதிரே தவிர.
இடம் அங்கேதான் இருந்தது.
ஏழு என்று எழுதினேன்.